வாசகர் கேள்விகள்: பாய் முடைந்த வீட்டுப் பிள்ளை

சென்ற இதழில், டோக்கியோ நகரின் சுரங்க ரயில்களில் 1995 மார்ச் 20 அன்று சாரின் என்ற நச்சு வாயுவைப் பரப்பிய ‘ஓம் ஷின்ரிக்கியோ’ அமைப்பைப் பற்றிய ஒரு கேள்விக்குச் சுருக்கமாக விடை எழுதியிருந்தேன். அதில், அமைப்பின் தலைவரான ஷோகோ அசஹாரா ஏழைப் பாய்த் தொழிலாளி ஒருவரின் பார்வை குன்றிய மகன் என்று ஒரே ஒரு வரி இருந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, குற்றத்தை விட்டுவிட்டு அந்த ஒரு வரியையே பிடித்துக்கொண்டு எழுதப்பட்டவை. ஆகவே இந்த இதழ் முழுவதையும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன். சிலர் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், எல்லோருடைய பெயர்களையும் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிடுகிறேன்.

ஐயா, அசஹாராவின் இளமைக் காலம் எப்படி இருந்தது? அவர் ஏன் அப்படி ஆனார் என்பதற்கான விடை அதில் இருக்கிறதா?
– கல்லூரி மாணவர், அரூர்

அவருடைய இயற்பெயர் சிசுவோ மாட்சுமோட்டோ. ஜப்பானின் தெற்கே உள்ள கியூஷு தீவில், குமாமோட்டோ மாகாணத்தைச் சேர்ந்த யட்சுஷிரோ என்ற ஊரில் 1955 மார்ச் 2 அன்று பிறந்தார். அந்த வட்டாரம் ‘இகுசா’ என்னும் ஒருவகைக் கோரைக்குப் பேர்போனது. ஜப்பானியர் வீட்டுத் தரையில் பதிக்கும் ‘தாத்தாமி’ என்ற தடித்த பாய்களுக்கு அந்தக் கோரையில்தான் மேல்விரிப்பு நெய்வார்கள். தாத்தாமி செய்வதுதான் அவருடைய தந்தையின் தொழில். உலகப் போர் முடிந்து பத்து ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது; வீட்டிலோ பிள்ளைகள் பலர்; வருமானம் போதவில்லை.

பிறவியிலேயே வந்த கண் அழுத்த நோயால் சிறுவனின் இடது கண்ணில் பார்வை அநேகமாக இல்லை. வலது கண்ணில் ஓரளவுக்குத் தெரிந்தது. மூத்த அண்ணன் முற்றிலும் பார்வையற்றவர். வலது கண்ணில் இருந்த பார்வையைக் கொண்டே சிசுவோ சாதாரணப் பள்ளியில் படித்திருக்க முடியும், சேர்க்கவும் சேர்த்தார்கள். ஆனால் 1961ஆம் ஆண்டிலேயே, ஆறு வயதில், குமாமோட்டோ நகரிலிருந்த பார்வையற்றோருக்கான அரசு உறைவிடப் பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே உணவும் தங்குமிடமும் கிடைத்தன; வீட்டில் ஒரு வயிற்றுக்கான செலவு குறைந்தது. எந்தப் பெற்றோரும் மனம் ஒப்பிச் செய்கிற காரியம் அன்று அது. ஆனாலும் தனக்குக் கண் தெரியும்போது தன்னை ஏன் இங்கே கொண்டுவந்து விட்டார்கள் என்ற கேள்வி அந்தச் சிறுவனுக்குள் கசப்பாக இறங்கிவிட்டது என்றும், மற்றப் பிள்ளைகள் வார இறுதியில் வீட்டுக்குப் போகும்போது அவன் பெரும்பாலும் விடுதியிலேயே இருந்தான் என்றும் பின்னாளில் அவரை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள், இருபது வயது வரை, அந்தப் பள்ளியே அவருக்கு வீடாக இருந்தது.

இதுவரை கேட்டால் நம் மனம் இளகும், இளக வேண்டியதுதான். ஆனால் இதற்கு அடுத்த பகுதியைத்தான் நான் முக்கியமானதாகக் கருதுகிறேன். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். முழுப் பார்வையற்ற பிள்ளைகளுக்கு நடுவே ஒரு கண்ணில் அரைப் பார்வை உடைய பிள்ளைக்கு என்ன மதிப்புக் கிடைத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கடைத்தெருவுக்குப் போக வேண்டுமானாலும், உணவகத்துக்குப் போக வேண்டுமானாலும், அவன்தான் வழிகாட்டி. அந்தத் துணைக்கு அவன் விலை வாங்கினான் என்பது உடன் படித்தவர்கள் கூறியது: அழைத்துப் போகிறவர்கள் தனக்கும் சேர்த்துச் சாப்பாட்டுச் செலவை ஏற்க வேண்டும், கேட்ட பணத்தைக் கொடுக்க வேண்டும், மறுத்தால் மிரட்டல், அடி. ஜூடோவும் பயின்றிருந்ததால் உடல் வலிமையும் இருந்தது. தன்னைச் சாராமல் இருக்க முடியாதவர்களைத் தனக்குக் கட்டுப்பட்டவர்களாகவும் கப்பம் கட்டுகிறவர்களாகவும் மாற்றலாம் என்ற பாடத்தை, பாடத்திட்டத்தில் இல்லாத அந்தப் பாடத்தை, அவன் அங்கேதான் படித்தான். பள்ளியில் மாணவர் தலைவர் பதவிக்குப் பலமுறை போட்டியிட்டான், ஒருமுறையும் வெல்லவில்லை.

1975இல் அக்குபஞ்சர் சிகிச்சை செய்வதற்கான தகுதியுடன் பள்ளியை விட்டு வெளியேறினார். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் படிக்க வேண்டும், அரசியலில் பெரிய இடத்துக்கு வர வேண்டும் என்ற ஆசைகள் அவருக்கு இருந்தன. அந்தப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைய முடியவில்லை. 1978இல் திருமணம் செய்துகொண்டு, டோக்கியோவுக்கு அருகே சீபா மாகாணத்தில் சிகிச்சை நிலையமும் மருந்துக் கடையும் வைத்தார். 1982இல் உரிமமில்லாத போலி மருந்துகளை விற்றதற்காகக் கைதாகி, இரண்டு லட்சம் யென் அபராதம் கட்டினார், தொழில் முடிந்துபோனது. இரண்டே ஆண்டுகளில், 1984இல், டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் சிறிய யோகப் பயிற்சி வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். பிறகு இந்தியாவுக்கு வந்து திரும்பி, இமயமலையில் தமக்கு ஞானம் கிட்டியதாக அறிவித்தார். தம் பெயரை ஷோகோ அசஹாரா என்று மாற்றிக்கொண்டார். 1987இல் அந்தச் சிறு வகுப்பு ‘ஓம் ஷின்ரிக்கியோ’ என்ற பெயரைப் பெற்றது. நம் ஓங்காரத்தையும் சிவபெருமானின் பெயரையும் எடுத்துக்கொண்ட அந்த இடத்தில், குரு குளித்த நீரும் குருவின் குருதியும்கூடச் சீடர்களுக்கு விலைக்கு விற்கப்பட்டன. விடுதியில் வழிகாட்டியதற்குப் பணம் வாங்கிய பையனை அங்கே நான் மீண்டும் பார்க்கிறேன்.

ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். இந்தக் கதைகளில் பெரும்பகுதி 1995க்குப் பிறகு, செய்தியாளர்கள் யட்சுஷிரோவுக்கும் அந்தப் பள்ளிக்கும் போய்த் துருவித் துருவிக் கேட்டபோது வெளிவந்தவை. கொலைகாரன் என்று தெரிந்த பிறகு ஒருவனுடைய இளமையை நினைவுகூர்கிறவர்களுக்கு, அவன் கொடுத்த அடி நினைவுக்கு வரும் அளவுக்கு, அவன் பகிர்ந்துகொண்ட மிட்டாய் நினைவுக்கு வருவதில்லை. பிறப்பு, பள்ளி, அபராதம் போன்றவை பதிவில் உள்ளவை. விடுதிச் சம்பவங்கள் நினைவில் உள்ளவை. இரண்டையும் ஒரே எடையில் வைக்காதீர்கள்.

யட்சுஷிரோ கடலோரத்தில்தான் மினமாட்டா நகரமும் இருக்கிறது என்று படித்திருக்கிறேன். ஆலைக் கழிவிலிருந்த பாதரசம்தான் அவருடைய கண்ணைக் கெடுத்தது என்று சொல்கிறார்களே, உண்மையா? ஃபுளோரைடு கலந்த தண்ணீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் பழுதான பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன் என்பதால் கேட்கிறேன்.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பென்னாகரம்

ஐயா, ஊர் அமைப்பைப் பற்றித் தாங்கள் சொல்வது சரி. மினமாட்டா அதே கடலின் கரையில்தான் இருக்கிறது. அங்கிருந்த சிஸ்ஸோ நிறுவனத்தின் ஆலை கடலில் விட்ட மெத்தில் பாதரசம் மீன்களின் வழியாக மனிதருடலில் ஏறி நரம்புகளைச் சிதைத்தது. அந்த நோய் அதிகாரபூர்வமாக வெளியுலகுக்குத் தெரிந்தது 1956 மே மாதம், அதாவது சிசுவோவுக்கு ஒரு வயதிருக்கும்போது. அண்ணன் தம்பி இருவருக்கும் கண் பழுதாக இருந்ததால், இதற்கும் பாதரசமே காரணமாக இருக்குமோ என்ற ஐயத்தை ஜப்பானில் சிலர் எழுப்பினார்கள். அது ஐயமாகவே நிற்கிறது; மருத்துவ முறையில் நிறுவப்படவில்லை.

நிறுவப்பட்டிருந்தாலும் அது அவருடைய கண்ணுக்குத்தான் காரணமாகுமே ஒழிய, அவர் செய்த செயலுக்குக் காரணமாகாது. மினமாட்டாவில் கைகால் முறுக்கிக்கொண்டு, பேச்சிழந்து, பல ஆண்டுகள் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிய மக்கள் யாரையும் கொல்லவில்லை. தங்களிடம் படித்த பிள்ளைகளைத் தாங்களே அறிவீர்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன்பு ஆழ்குழாய்க் கிணற்று நீரைக் குடித்து, கறைபிடித்த பல்லை உதட்டால் மூடிக்கொண்டு சிரித்த பிள்ளைகள் அவர்கள். அவர்களுக்கு நேர்ந்தது அநீதி. அந்த அநீதியை எங்கோ ஒரு கொலைகாரனுக்குச் சாக்காக வைப்பது அவர்களுக்கு இழைக்கப்படும் இன்னொரு அநீதி என்று நினைக்கிறேன்.

உலகத்தில் இப்படிப்பட்ட சாமியார்கள் எல்லோருமே பரிதாபமான குழந்தைப் பருவம் உடையவர்கள்தானா? அப்படியானால் அவர்களுக்காக இரக்கப்பட வேண்டுமா, வெறுக்க வேண்டுமா?
– மளிகைக் கடைக்காரர், காவேரிப்பட்டணம்

எல்லோரும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் நன்கு அறியப்பட்ட இன்னும் இருவரின் இளமை, நீங்கள் கேட்டதோடு நெருங்கிய தொடர்புடையது என்பதால் சொல்கிறேன்.

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் 1931 மே 13 அன்று பிறந்தவர் ஜிம் ஜோன்ஸ். தந்தை முதல் உலகப் போரில் நச்சுப் புகையால் நுரையீரல் கெட்டு, உழைக்க முடியாதவராகத் திரும்பியவர். குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர் தாய். அவர் வேலைக்குப் போய்விட, லின் என்ற சிற்றூரின் தெருக்களில் பையன் தனியாகச் சுற்றித் திரிந்தான். பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருவர் இரக்கப்பட்டுச் சோறு போட்டுத் தம்முடைய தேவாலயத்துக்கு அழைத்துப் போனார். மேடையில் நின்று ஒருவர் பேச, கூட்டம் அழுவதையும் எழுவதையும் அங்கே கண்ட பிள்ளை, பிறகு ஊரில் இருந்த ஒவ்வொரு சபையாகப் போய்ப் பார்க்கத் தொடங்கினான். இறந்துபோன பிராணிகளுக்கு இறுதிச் சடங்கு நடத்திப் பிரசங்கம் செய்வது அவனுடைய விளையாட்டு. கேட்க வந்த பிள்ளைகள் எழுந்து போகாதபடி கொட்டகையில் அடைத்து வைத்ததும் உண்டு என்று உடன் விளையாடியவர்கள் பிற்காலத்தில் கூறினார்கள். அந்தப் பையன் வளர்ந்து ‘மக்கள் ஆலயம்’ என்ற அமைப்பை நிறுவினார். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்கார முடியாத காலத்தில் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்தார். அதற்காகவே பல நல்ல மனிதர்கள் அவரை நம்பினார்கள். தென்னமெரிக்காவின் கயானா நாட்டுக் காட்டுக்குள் அவர் அமைத்த ஜோன்ஸ்டவுன் குடியிருப்பில் 1978 நவம்பர் 18 அன்று சயனைடு கலந்த பானம் கொடுக்கப்பட்டது. எழுந்து போக விரும்பியவர்களைச் சுற்றி ஆயுதம் ஏந்திய காவலர்கள் நின்றார்கள். அன்று விமானத் தளத்தில் சுடப்பட்டவர்களையும் சேர்த்து 918 பேர் இறந்தார்கள். அவர்களில் 300க்கும் மேற்பட்டவர்கள் சிறுவர் சிறுமியர்.

மற்றொருவர் டேவிட் கோரேஷ். இயற்பெயர் வெர்னன் ஹோவெல். 1959இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் பிறந்தபோது தாய்க்கு வயது 14. தந்தை விலகிப் போய்விட்டார். சில ஆண்டுகள் பாட்டியிடம் வளர்ந்தார். எழுத்துகளைச் சேர்த்து வாசிப்பதில் இடர்ப்பாடு இருந்ததால் தனி வகுப்பில் உட்கார வைக்கப்பட்டு, மற்றப் பிள்ளைகளின் கேலிக்கு ஆளாகி, பள்ளிப் படிப்பைப் பாதியிலேயே விட்டார். வாசிக்கத் திணறிய அதே பையன் விவிலியத்தின் நீண்ட பகுதிகளை மனப்பாடமாகச் சொல்வான். 1993இல் வேக்கோ என்ற ஊருக்கு அருகே 51 நாள் முற்றுகைக்குப் பின் அவருடைய குடியிருப்பு தீப்பற்றி எரிந்தபோது, அவரோடு 70க்கும் மேற்பட்டவர்கள், குழந்தைகள் உட்பட, மாண்டார்கள். அந்த முற்றுகையை அமெரிக்க அரசு நடத்திய விதத்தைப் பற்றிக் கடுமையான விமர்சனங்கள் உண்டு. அது தனிக் கதை.

மூவருக்கும் பொதுவானது வறுமை என்று நான் சொல்லமாட்டேன். மூவரும் தாய் தந்தை இருந்தும் அவர்கள் கைக்கு எட்டாமல் வளர்ந்தவர்கள். மூவருக்கும் சிறு வயதிலேயே, கூட்டத்தைத் தம் பக்கம் திருப்பக்கூடிய ஒரே ஒரு பொருள் கையில் அகப்பட்டது: ஒருவருக்கு அரைப் பார்வை, ஒருவருக்குப் பிரசங்கம், ஒருவருக்கு வேத வசனம். அந்தப் பொருளை அவர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று அருகிலிருந்து பார்த்து, வேண்டிய இடத்தில் ‘போதும், நிறுத்து’ என்று சொல்ல ஒருவரும் இல்லை. இதுதான் எனக்குப் புலப்படும் ஒற்றுமை.

இருந்தாலும் இதை விதியாக வைத்துவிட முடியாது. அசஹாராவின் முழுப் பார்வையற்ற அண்ணன் அதே வீட்டில் பிறந்து, அதே பள்ளியில் படித்தவர். அவர் எந்த அமைப்பையும் தொடங்கவில்லை, எந்த ரயிலிலும் நஞ்சு வைக்கவில்லை. அந்த விடுதியில் வளர்ந்து, அக்குபஞ்சர் கற்று, யாருக்கோ கழுத்து வலி தீர்த்துக் குடும்பம் நடத்திய எத்தனையோ பேரைப் பற்றி நாம் ஒரு வரியும் படித்திருக்க மாட்டோம். இரக்கமா, வெறுப்பா என்று கேட்டிருந்தீர்கள். ஆறு வயதில் விடுதி வாசலில் விடப்பட்ட பிள்ளைக்காக நான் மனமார இரங்குகிறேன். நாற்பது வயதில் சாரின் பொட்டலங்களை அனுப்பிய மனிதருக்கு அந்த இரக்கத்தில் பங்கு கொடுக்க மாட்டேன். அன்றைய தாக்குதலில் 13 பேர் இறந்தார்கள். நஞ்சினால் நடமாட்டத்தையும் பேச்சையும் இழந்து கால் நூற்றாண்டு படுக்கையில் கிடந்த ஒரு பெண்மணி 2020இல் கண்ணை மூடியதும் அந்த எண்ணிக்கை 14 ஆனது. 5,000க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். இரக்கம் முதலில் போய்ச் சேர வேண்டிய வீடுகள் அவர்களுடையவை.

ஐயா, எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி எழுதுகிறேன். மகனும் மருமகளும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். எட்டு வயதுப் பேரன் என்னோடு இருக்கிறான். செத்துப்போன அணிலைப் புதைத்து, பூ வைத்து, கற்பூரம் கொளுத்தி, தெருப் பிள்ளைகளுக்குத் திருநீறு பூசி விளையாடுகிறான். தாய் தகப்பன் பக்கத்தில் இல்லாமல் வளர்கிற பிள்ளை, பத்திரிகையில் வந்த ஜப்பான் சாமியாரைப் போலத்தான் ஆவான் என்று தெருவில் ஒருவர் சொல்லிவிட்டார். இரண்டு நாளாகத் தூக்கம் வரவில்லை.
– ஒரு பாட்டி, ஊத்தங்கரை அருகே

அம்மா, நான் எழுதிய ஒரு வரி உங்கள் வீட்டில் இப்படி வந்து விழும் என்று நினைக்கவில்லை. முதலில் அதற்காக என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

மேலே ஜிம் ஜோன்ஸ் என்பவரைப் பற்றி எழுதியிருப்பதைப் பக்கத்து வீட்டுப் பெண் உங்களுக்குப் படித்துக் காட்டினால் நீங்கள் இன்னும் பயந்துவிடக்கூடும். ஆகவே இதைக் கவனமாகக் கேளுங்கள். செத்த அணிலுக்குப் பூ வைக்கிற பிள்ளை இளகிய மனம் உடைய பிள்ளை. நம் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயிலில் பதினெட்டாம் நாள் படுகளம் முடிந்த மறுநாள், துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு துரியோதனனாக விழாத பையன் எந்தத் தெருவில் இருக்கிறான்? கோயிலைப் பார்க்கிற பிள்ளை கோயிலை விளையாடும். பள்ளியைப் பார்க்கிற பிள்ளை வாத்தியார் விளையாட்டு விளையாடும்.

நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டே காரியங்கள். இன்றைக்கு உங்கள் பேரன் பூசாரி என்றால், நாளைக்கு வேறொரு பிள்ளைக்கு அந்த முறையை விட்டுக்கொடுக்கிறானா? வீட்டுக்குப் போகிறேன் என்று ஒரு குழந்தை எழுந்தால் போக விடுகிறானா? விடுகிறான் என்றால் நிம்மதியாகத் தூங்குங்கள். விடவில்லை என்றால், கையைப் பிடித்து உட்கார வைத்து, ‘அது தப்பு, கண்ணு’ என்று சொல்லுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்குப் பாட்டி சொன்னால் கேட்கும். இன்னொன்று, பெங்களூரில் இருக்கிறவர்களிடம் சொல்லி, தினமும் ஒரே நேரத்தில், வேலை முடிந்த கையோடு, அவனிடம் போனில் பேசச் சொல்லுங்கள். உங்களிடம் பேசிவிட்டு அவனைக் கேட்பதாக இருக்க வேண்டாம். அவனைத்தான் முதலில் கேட்க வேண்டும். தெருவில் அப்படிச் சொன்னவரிடம், பத்திரிகைக்காரரே அது தவறு என்று எழுதிவிட்டார் என்று இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். பிள்ளையின் காதில் அந்தப் பேச்சு இன்னொரு முறை விழக்கூடாது. நீ கெட்டுத்தான் போவாய் என்று ஊரே சொல்லக் கேட்டு வளர்வதைவிடப் பெரிய கெடுதல், வறுமையிலும் இல்லை, தனிமையிலும் இல்லை.

அசஹாராவைப் பின்பற்றியவர்களும் அவரைப் போல அடிபட்ட இளமை உடையவர்கள்தானா?
– தொழிற்சாலை ஊழியர், ஓசூர்

பெரும்பாலும் இல்லை. அவருடைய நெருங்கிய சீடர்களில் இயற்பியல், வேதியியல் பட்டதாரிகள் இருந்தார்கள். சுரங்க ரயிலில் சாரின் பையைக் குடைக் கம்பியால் குத்திய ஐவரில் ஒருவர் இதய அறுவை மருத்துவர். வசதியான வீடு, நல்ல கல்லூரி, நல்ல வேலை எல்லாம் இருந்தும் மனம் நிறையாமல் வந்தவர்கள் அவர்கள். அசஹாராவின் இளமையை மட்டும் தோண்டிக்கொண்டிருந்தால் இந்தக் கேள்வி மறைந்துபோகிறது என்பதால், கேட்டதற்கு நன்றி.

ஐயா, நான் மாணவர் விடுதி ஒன்றின் காப்பாளர். மலைக் கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகள் எங்களிடம் இருக்கிறார்கள். சென்ற இதழைப் படித்ததிலிருந்து, நான் எதைக் கவனிக்கத் தவறுகிறேன் என்ற எண்ணம் உறுத்துகிறது. அசஹாராவின் போக்கை முன்கூட்டியே அறிந்துகொண்டவர்கள் யாருமே இல்லையா?
– விடுதிக் காப்பாளர், தருமபுரி மாவட்டம்

நானும் நம் மாவட்டத்தில் விடுதியில் தங்கிப் படித்தவன்தான். பத்தாம் வகுப்பு அண்ணன் ஒருவர், எங்களைப் போன்ற ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஊரிலிருந்து வரும் முறுக்கிலும் நிலக்கடலை உருண்டையிலும் பாதியை எடுத்துக்கொள்வார். கொடுத்தவனை மற்றவர்கள் தொடமாட்டார்கள். அது ஒரு காவல் கூலி. அன்றைய காப்பாளர் நல்லவர்; ஆனால் அந்த அண்ணன் இருந்தால் விடுதி அமைதியாக இருக்கிறது என்பதால் எதையும் கேட்கமாட்டார். அந்த அமைதியின் விலையைச் சின்னப் பிள்ளைகளாகிய நாங்கள் கட்டிக்கொண்டிருந்தோம். ஆகவே உங்கள் கடிதத்தைப் படித்ததும் மகிழ்ந்தேன். உறுத்துகிறது என்று எழுதுகிற காப்பாளரிடம் பிள்ளைகள் இருப்பது நல்லது.

கவனிக்க வேண்டியவற்றுக்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. பந்தியில் யாருடைய தட்டிலிருந்து முட்டை யாருடைய தட்டுக்குப் போகிறது என்று பாருங்கள். சோப்பும் எண்ணெயும் வாங்கக் கொடுத்த பணம் இரண்டு நாளில் யார் கையில் சேர்கிறது என்று பாருங்கள். ஒரு பெரிய பையன் பேசும்போது மற்றவர்கள் சிரித்தால், அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்களா என்று பாருங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் எல்லோரும் சித்தேரிக்கும் வத்தல்மலைக்கும் பஸ் ஏறிய பிறகு, அழைத்துப் போக ஆள் வராமல் நிற்கிற ஒரு பிள்ளை இருப்பான். அவனை உங்கள் வீட்டுக்கு அழைத்துப் போய், உங்கள் பிள்ளைகளோடு உட்கார வைத்து ஒரு வேளை சாப்பாடு போடுங்கள். பிறகு, அந்தப் பையனே நாளைக்குச் சின்னப் பிள்ளைகளை மிரட்டினால், பாவம் என்று விட்டுவிடாமல் கண்டியுங்கள். இரண்டையும் ஒருவரே செய்ய வேண்டும் என்பதுதான் இதில் கடினம்.

முன்கூட்டியே அறிந்தவர்கள் இருந்தார்கள். பிள்ளைகளை அந்த அமைப்பிடம் இழந்த பெற்றோர்களுக்காக வாதாடிய சாகாமோட்டோ என்ற இளம் வழக்கறிஞர் அறிந்திருந்தார். 1989 நவம்பரில் அவரும், அவர் மனைவியும், ஒரு வயதான ஆண் குழந்தையும் வீட்டிலேயே கொல்லப்பட்டு மலைகளில் புதைக்கப்பட்டார்கள். அந்த உடல்கள் கிடைக்க 1995 செப்டம்பர் வரை ஆயிற்று. பொதுமக்களும் ஓரளவு அறிந்திருந்தார்கள் என்றே சொல்ல வேண்டும். 1990 நாடாளுமன்றத் தேர்தலில் அசஹாராவும் அவருடைய ஆட்களுமாக 25 பேர் நின்றபோது ஒருவரும் வெல்லவில்லை; அசஹாராவுக்குக் கிடைத்தவை 1,783 வாக்குகள்.

ஆனால் எல்லோருக்கும் முன்பாக அவரை அறிந்தவர்கள் குமாமோட்டோவின் அந்த விடுதிப் பிள்ளைகள். கடைத்தெருவுக்குப் போக அவனுடைய கண் அவர்களுக்கு வேண்டியிருந்தது; அவன் கேட்டதையெல்லாம் கொடுத்தார்கள், சொன்னதையெல்லாம் கேட்டார்கள். மாணவர் தலைவர் தேர்தல் வந்தபோது மட்டும், பகலில் அவனுக்குப் பணிந்து நடந்த அதே பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் வாக்கை வேறொருவனுக்குப் போட்டார்கள். ஏன் தோற்றேன் என்று அவன் கேட்டபோது, எல்லோரும் உன்னைக் கண்டு பயப்படுகிறார்கள் என்று ஆசிரியர் ஒருவர் சொன்னதாகக் கூறுவார்கள். பயம் இருக்கிறது என்று அந்தப் பள்ளியில் பெரியவர்களுக்கும் தெரிந்திருந்தது. உங்கள் விடுதியில் அந்தப் பயம் யாருக்கு யாரிடம் இருக்கிறது என்பதை, எந்தக் கேள்வித்தாளும் இல்லாமல், ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருவனைத் தனியாக உட்கார வைத்துப் பேசினால், இன்று மாலையே அவன் உங்களுக்குச் சொல்லிவிடுவான்.